மாமனாருக்குப் பயந்து நீ கழற்றிய எர்த் கம்பி

நீ நலமாகத்தான் இருப்பாய். சர்வர்கள் அடுக்கிய அந்த இரும்பு ரேக்கைத் தினமும் தொடுகிறவன் நீ இல்லையே. தொடுகிறவள் கயல். வரும் மாதம் விழுப்புரத்தில் ஊரைக் கூட்டி யார் கழுத்தில் தாலி கட்டப்போகிறாயோ, அந்தக் கயல். அதனால் உன் உடம்பைப் பற்றி விசாரிக்க எனக்கு ஒன்றும் இல்லை. போன் அடித்தால் எடுக்கமாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் பாதியில் "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் பெற்றவர்கள் பிள்ளைக்கு நல்ல வார்த்தை நாலு எழுதுவார்களாம். என்னிடம் இருந்த நல்ல வார்த்தையெல்லாம் இன்று காலையோடு தீர்ந்துவிட்டது.

நம் மாவட்டத்து மின் ஒப்பந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவிலும் இதைப் போடப்போகிறேன். உன் மானம் போகும். போகட்டும். உன்னைப்போல் சர்வர் ரூமுக்கு எர்த்தைக் கழற்றிவிட்டு, கோளாறு நின்றுவிட்டது என்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் அந்தக் குழுவில் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்கும் உறைக்கட்டும். "ஏன்மா, வீட்டுக்குள்ள முடிக்க வேண்டியத வெளிய கொண்டு வர்ற?" என்று உன் அப்பா வாசலில் நின்றுகொண்டு கேட்கிறார். அவருக்கு எல்லாமே வீட்டுக்குள் முடிய வேண்டும். கரண்ட் அப்படி எந்த வீட்டுக்குள்ளும் முடியாது.

குழுவில் படிக்கிறவர்களுக்கு விஷயம் புரியவேண்டும், அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். திண்டிவனத்துக்கு வெளியே கயலின் அப்பாவுக்கு வேர்க்கடலை மூட்டை அடுக்கும் மல்லாட்டைக் கிடங்கு ஒன்று இருந்தது. அவர் காணை ஊர்ப் பக்கம் கரும்பு போடுகிறவர். மகள் கம்ப்யூட்டர் படித்தாள், வெளியூர் போகமாட்டேன் என்றாள். சுற்று வட்டாரத்து மருத்துவமனைகளும் பள்ளிகளும் தங்கள் பதிவுகளை வைக்கிற சின்ன டேட்டா சென்டராக அந்தக் கிடங்கை அவர் மாற்றிக் கொடுத்தார். கரண்ட் வேலை முழுக்க நம் கடை. வேலை பார்த்தவன் நீ, உரிமம் என்னுடையது. நான் வந்து ஒவ்வொரு இணைப்பாக அளந்து பார்த்துத்தான் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். அன்று எல்லாம் சரியாக இருந்தது. கட்டடத்து எர்த்தும் ரேக்குகளின் எர்த்தும் ஒரே இடத்தில், ஒரே செம்புப் பட்டையில் இருந்தன. அந்த வேலை நடந்தபோதுதான் உனக்கும் கயலுக்கும் பிடித்துப்போய், இரண்டு வீடும் பேசி முடித்தோம்.

அப்புறம்தான் கோளாறு ஆரம்பித்தது. காரணமே இல்லாமல் ஒரு சர்வர் தானாக நின்று எழும். நெட்வொர்க் விட்டு விட்டு வரும். நீ பக்கத்து வெல்டிங் பட்டறையைத் திட்டினாய். சாயங்காலம் பம்புசெட்டுகளெல்லாம் ஓடும்போது வோல்டேஜ் ஆடுகிறது என்றாய். எதிரே இருந்த செல்போன் டவரைக்கூட விட்டுவைக்கவில்லை. யுபிஎஸ்ஸை மாற்றினாய். இடி தாங்கிகள் வாங்கி மாட்டினாய். அப்புறம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "பிரச்சினை முடிஞ்சிடுச்சிம்மா, ரேக்குக்குத் தனியா க்ளீன் எர்த் போட்டுட்டேன்" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னாய். கட்டடத்து எர்த்தோடும் அதைச் சேர்த்திருக்கிறாயா என்று அப்போதே கேட்டேன். "எல்லாம் பாத்துக்கினேன்" என்றாய். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். கழற்றிப் போட்டுவிட்டு வந்து, முகத்தைப் பார்த்துச் சொன்னாய்.

போன வாரம் கல்யாண ஜாக்கெட் தைக்கக் கயலின் அளவு ஜாக்கெட் வாங்கத்தான் உன்னோடு அங்கே வந்தேன். அவள் உள்ளே ரேக் பக்கத்தில் நின்றிருந்தாள். காலில் செருப்பு, அதற்குக் கீழே ரப்பர் விரிப்பு. பேசிக்கொண்டே ரேக் கதவைப் புறங்கையால் தொட்டேன். எந்த இரும்பையும் நான் முதலில் புறங்கையால்தான் தொடுவேன். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் கையைப் பிடித்துக்கொள்ளும், விடாது. விரல் முட்டிகளில் சுர்ரென்று ஏறியது. நான் கையை இழுத்துக்கொண்டதைப் பார்த்துக் கயல் சிரித்தாள்.

"பயப்படாதீங்க அத்த. அது எப்பவும் அப்பிடித்தான். நாங்க ரப்பர் மேல நின்னுக்கினுதான் தொடுவோம். மொதல்ல எனக்கும் பயமாத்தான் இருந்துச்சி. சர்வர் ரூம்னா அப்பிடித்தான் சுர்ருங்கும்னு அவரு சொன்னாருங்க."

அவர் சொன்னார். கேட்டாயா? அந்தப் பெண் எவ்வளவு நம்பிக்கையோடு சொன்னாள் என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது வெளியே நின்று போனில் கல்யாண மண்டபத்துக்காரனோடு ஜெனரேட்டர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உன்னை அங்கேயே கன்னத்தில் அறைந்திருப்பேன். அவள் இருந்ததால் விட்டேன்.

மீட்டரை எடுத்துக்கொண்டு கட்டடத்து எர்த் பட்டையைப் பிடித்துப் பார்த்தேன். அதில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. எர்த்தில் கரண்ட் ஓடக் கூடாது. ஏதாவது கோளாறு வந்தால் மட்டும் ஒரே பாய்ச்சலாக ஓடி, சுவிட்சை விழவைத்து, ஆளைக் காப்பாற்றத்தான் அது இருக்கிறது. பின்பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டதும் மீட்டர் குதித்தது, மோட்டார் நின்றதும் இறங்கியது. பட்டையோடு நடந்து போனேன். கிடங்குக்குப் பின்னால் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கொட்டகை. அங்கே கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி எப்போதோ அறுந்துபோயிருக்கிறது. அறுந்ததைத் தேடி மாற்றச் சோம்பல்பட்டு, நியூட்ரலுக்குப் பதில் எர்த்தில் கொடுத்து மோட்டாரும் விளக்கும் ஃபேனும் ஓடுகின்றன. நம் பக்கத்துக் கொல்லை மோட்டார் கொட்டகைகளில் பாதிப் பேர் செய்கிற வேலைதான். லைட் எரிந்தால் போதும் அவர்களுக்கு. அந்தக் கரண்ட் முழுக்க எர்த் வழியாகத் திரும்பி, ஒவ்வொரு தடவை மோட்டார் ஓடும்போதும் உன் சர்வர்களை உலுக்கிக்கொண்டிருந்தது. வெல்டிங் பட்டறையும் இல்லை, டவரும் இல்லை. உன் மாமனார் கையால் முறுக்கிய ஒரு கம்பி.

உனக்கு அது தெரியாமல் இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன். தெரியாததைச் சொல்லிக் கொடுத்திருப்பேன். திரும்பி வரும்போது காரில் கேட்டேன். விக்கிரவாண்டி தாண்டும்வரை மண்டபம், ஜெனரேட்டர் என்று பேச்சை மாற்றினாய் நீ. அப்புறம் சொன்னாய்.

"தெரியும்மா. மொதல்லயே பாத்துட்டேன். இன்னா பண்ணச் சொல்ற? கல்யாணம் பேசி முடிச்ச நேரம் அது. அவருகிட்டப் போயி உங்க மோட்டார்தான் காரணம், நீங்க பண்ணது தப்புன்னு சொல்லச் சொல்றியா? எங்க பாட்டன் காலத்துலருந்து மோட்டார் கரண்ட் வேல நாங்களே பாக்குறோம்னு சொல்லிக்கினு இருக்கிற மனுஷன். மூஞ்சி மாறிடும்மா. பேஜாராயிடும்."

"அதுக்கு?"

"அதான் ரேக்க மட்டும் அதுலருந்து பிரிச்சிட்டேன். கோளாறு நின்னுடுச்சில்ல? கல்யாணம் முடியட்டும், பக்குவமா சொல்லி சரி பண்ணிக்கிலாம்."

பக்குவமாம். நீ செய்ததற்குப் பக்குவம் என்று பெயர் வைத்திருக்கிறாய். மாமனார் முகம் கோணக்கூடாது என்று அவர் மகளைக் கரண்ட் ஏறிய இரும்பு மேல் கைவைக்க விட்டாய். இதைவிடக் கேவலமான கோழைத்தனத்தை நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை. மின்கம்பியில் திருட்டுக் கொக்கி போடுகிறவன்கூடத் தன் கையைத்தான் பணயம் வைக்கிறான்.

நீ இன்ஜினியரிங் படித்தவன். ஆனாலும் சொல்கிறேன், குழுவில் சின்னப் பையன்களும் படிப்பார்கள். ஒவ்வொரு சர்வரும் கொஞ்சம் கசியும். அது அதன் இயல்பு, குற்றம் இல்லை. அந்தக் கசிவெல்லாம் சேர்ந்து போக நல்ல தடிமனான வழி வேண்டும். நீ என்ன செய்தாய்? பின்பக்கம் கல்லும் மண்ணுமாய்க் காய்ந்து கிடக்கிற இடத்தில் ஒரே ஒரு கம்பியை அடித்து அதற்கு க்ளீன் எர்த் என்று பெயர் வைத்தாய். கசிவு போக இடமில்லாமல் ரேக்கிலேயே நிற்கிறது, அதுதான் கயல் கையில் சுர்ரென்று ஏறுவது. இது சின்னது. நாளைக்கு உள்ளே ஒரு வயர் தோல் உரிந்து ரேக்கில் பட்டால், அந்தக் காய்ந்த மண் வழியாக சுவிட்சை விழவைக்கும் அளவுக்குக் கரண்ட் போகாது. சுவிட்ச் விழாது. ரேக் முழுக் கரண்டோடு பளபளவென்று அப்படியே நிற்கும். தொட்டவர் விழுவார். கசிவைப் பார்த்து விழுகிற சுவிட்சையும் அடிக்கடி விழுகிறது, தொந்தரவு என்று எடுத்துவிட்டிருக்கிறாய், அதையும் பார்த்தேன். அது தொந்தரவு செய்யவில்லையடா, கத்திக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் திண்டிவனத்தில் இடி எப்படி இறங்கும் என்று உனக்குத் தெரியும். ஒரு கட்டடத்தில் இரண்டு எர்த்தைச் சேர்க்காமல் வைத்தால் இடி விழும் நேரத்தில் ஒன்று மேலே நிற்கும், ஒன்று கீழே நிற்கும். நடுவில் இருக்கிற மிஷின்தான் பாலம். விலை உயர்ந்த இடி தாங்கி வாங்கி மாட்டினாயே, அது இடியை எங்கே கொண்டுபோய் இறக்கும்? இந்தக் கோளாறைத் தடுக்க எத்தனையோ நேர்மையான வழி இருக்கிறது. கரண்ட் கேபிளையும் டேட்டா கேபிளையும் ஒரே தட்டில் படுக்க வைக்காமல் இடைவெளி விட்டு இழுத்திருக்கலாம், குறுக்கே போகிற இடத்தில் நேர்க்கோணமாகப் போட்டிருக்கலாம். திறப்பு விழா நல்ல நேரம் தாண்டிவிடும் என்று ஒரே தட்டில் திணித்தாய், மாற்றிக்கொள்ளலாம் என்றாய், அதுவும் அப்படியே கிடக்கிறது. யுபிஎஸ்ஸுக்கு முன்னால் ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கலாம். ரேக்குக்கென்று தனிக் கம்பி இழுத்து, அதே பட்டையில், ஒரே இடத்தில் சேர்த்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் கொட்டகைக்கு ஒரு நியூட்ரல் கம்பி இழுத்திருக்கலாம். அரை நாள் வேலை. ஆனால் அதற்கு மாமனாரிடம் ஒரு வாக்கியம் பேச வேண்டும். உனக்கு அது முடியவில்லை.

சின்ன வயதில் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "ஏம்மா இந்த மேல் கால் மட்டும் நீளமா இருக்கு?" என்று கேட்டாய். அது எர்த், எல்லாவற்றுக்கும் முன்னால் போய்ச் சேர வேண்டும், எல்லாவற்றுக்கும் பின்னால்தான் பிரிய வேண்டும், அதனால்தான் நீளம் என்றேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாய். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாளுக்குக்கூடச் சொன்னாய். நான் பூரித்துப்போனேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்று எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தெரியாதவன் செய்தால் தவறு. நீ தெரிந்தவன்.

இந்த மாதிரிக் கடிதங்களில் பெற்றவர்கள் தங்கள் குற்றத்தையும் ஒப்புக்கொண்டு, பிள்ளை மனதை இளக்கப் பார்ப்பார்கள். நான் தேடிப் பார்த்தேன். இந்த விஷயத்தில் என் பக்கம் ஒரு குற்றமும் இல்லை. உன்னை நம்பினேன், அதைக் குற்றம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அன்று காரில் வைத்து, "நாளைக்கே போயி அவருகிட்டப் பேசி, கம்பியச் சேத்துடுறேம்மா, சத்தியமா" என்றாய். அதுவரைக்கும் யாரும் ரேக்கைத் தொடவேண்டாம், எதுவானாலும் திரையிலிருந்தே செய்யுங்கள் என்று கயலுக்கு உன் எதிரிலேயே போன் செய்து சொன்னேன். அவளும் சரி என்றாள். நீ என்னை வீட்டில் இறக்கிவிட்டு, கல்யாணத் துணி எடுக்க நண்பர்களோடு சென்னைக்குப் போனாய். போனவன் போனவன்தான்.

இன்று காலை கயலைக் கூப்பிட்டேன். சேர்த்தாகிவிட்டதா என்று கேட்டேன்.

"இல்லையே அத்த. யாரும் வரலீங்களே."

"ரேக்க யாரும் தொடலியே?"

"தொடுறோங்க. அவருதான் போன் பண்ணாரு. அம்மாவுக்கு வயசாயிடுச்சி, சும்மா பயப்படுவாங்க, நீ வேலையப் பாருன்னாரு."

எனக்கு வயதாகிவிட்டது. சரி. வயதாகிவிட்டதுதான். ஏணி ஏறினால் முட்டி வலிக்கிறது, மீட்டரில் எண் தெரியக் கண்ணாடி போட வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த வார்த்தையை நீ எதற்குப் பயன்படுத்தினாய் என்று யோசித்துப் பார். நான் அவளுக்குக் கொடுத்த ஒரே பாதுகாப்பு ஒரு எச்சரிக்கை வார்த்தை. ரேக்கின் எர்த்தைக் கழற்றியதுபோல் அதையும் கழற்றினாய். உன்னைப் பெற்ற வயிறு என்று ஏதாவது எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. வெறுப்புத்தான் வந்தது. பெற்ற பிள்ளை மேல் அப்படி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

அவளிடம் முழுக்கச் சொன்னேன். சுர்ரென்பது என்ன, அது எதுவாக மாறும், ஏன் சுவிட்ச் விழாது, எல்லாம். அழவில்லை, பதறவில்லை. "சரிங்க அத்த. நீங்க ஜல்தி வாங்க. ஆளுங்கள வெளிய அனுப்பிட்டு நான் இங்கருந்தே ஒண்ணொண்ணா நிறுத்துறேன்" என்றாள். மருத்துவமனை வேலைகளை வேறு ஊரிலிருந்த மாற்று சர்வர்களுக்குத் திருப்பிவிட்டு, நான் போய்ச் சேர்வதற்குள் எல்லா சர்வரையும் முறையாக நிறுத்தியிருந்தாள். தகவல் கேட்டு அவள் அப்பா காணையிலிருந்து நேராக வந்து வாசலில் நின்றார். மெயின் சுவிட்சை நான் இறக்கினேன். என் உரிமத்தில் நடக்கும் வேலை அது. யாரையும் கேட்கவில்லை.

பின்னால் கொட்டகைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். நான் பக்குவமாகவும் சொல்லவில்லை, மரியாதையைக் குறைக்கவும் இல்லை. "அண்ணே, இது நீங்க குடுத்தது. இதாலதான் உள்ள எல்லாம் கெட்டுது. இதுக்குப் பயந்துதான் உங்க மாப்ள ரேக்குல எர்த்தக் கழட்டினான்" என்றேன். அவர் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாறியது உண்மைதான். ஆனால் நீ பயந்த மாதிரி இல்லை.

"எம்பொண்ணு தொடுற எடமாச்சே தங்கச்சி" என்றார். "இன்னா மாமா இப்பிடிப் பண்ணி வெச்சிக்கினு இருக்கீங்கன்னு மாப்ள ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே அறுத்துப் போட்டிருப்பேனே. நான் இன்னா அவ்ளோ பெரிய ராஜாவா?"

என் கையிலிருந்த கட்டிங் பிளேயரை வாங்கி அவரே வெட்டினார். வெட்டிவிட்டு அந்த மல்லாட்டைக் கிடங்குச் சுவரில் கை ஊன்றிக்கொண்டு நின்றார். மத்தியானத்துக்குள் கொட்டகைக்கு நியூட்ரல் இழுத்தாகிவிட்டது. நீ பிரித்த எர்த்தை நான் பட்டையோடு சேர்த்தேன், நீ எடுத்த சுவிட்சைத் திரும்ப மாட்டினேன். நான்கு பக்கமும் அளந்தேன். ரேக்கைப் புறங்கையால் தொட்டேன், அப்புறம் உள்ளங்கையால் தொட்டேன். குளிர்ந்த வெறும் இரும்பு. பின்பக்கத்து மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டு சர்வர்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் அசையவில்லை. நீ பயந்து ஓடிய வேலை அவ்வளவுதான். கேபிள் தட்டுகளை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். ஆள் வைக்காமல் உன் கையால் நீயே வந்து பிரித்து இழு.

கிளம்பும்போது கயல் வண்டிவரை வந்தாள். அன்று நான் வாங்க மறந்த அளவு ஜாக்கெட்டை ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அத்த, கையில சுர்ருங்குதுன்னு நான் அவருகிட்டச் சொன்னேனே... அன்னிக்கே அவருக்கு இது தெரியுமாங்க?"

இல்லை, தெரியாது, நான் சொல்லித்தான் அவனுக்கே தெரியும் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. என்ன இருந்தாலும் நீ என் பிள்ளை. அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் அந்தப் பை என் கைக்கு வந்திருக்கும், தையல்காரரிடம் இன்றே போயிருக்கும். ஆனால் இந்தத் தடவையும் அவளை ரப்பர் விரிப்பின் மேல் நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தெரியும் என்றேன். அவள் பையோடு உள்ளே போய்விட்டாள்.